மொட்டை மாடிக்கு ஒரு வெள்ளைத் தொப்பி!

குட்டீஸ்... மே மாத இரவு. மணி பத்து. தெருவில் காற்று கொஞ்சம் குளிர்ந்து விட்டது. ஆனால், வீட்டுக்குள் மட்டும் அனல் அடிக்கிறது. மின்விசிறியை ஐந்தில் வைத்தாலும் சுடுகாற்று தான் வருகிறது. பாயில் புரண்டு புரண்டு படுத்தாலும் தூக்கம் வரவில்லை. சூரியன் மறைந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகி விட்டதே... இன்னும் ஏன் இவ்வளவு சூடு என்று யோசித்தது உண்டா?

திருடன் எந்த வழியாக வந்தான் என்று தெரிந்தால் தானே, அந்த வழியைப் பூட்ட முடியும்! வெப்பமும் அப்படித் தான். வாங்க, அது எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று கண்டுபிடிப்போம்.

தலைக்கு மேலே சூரியன்

சென்னையில் ஏப்ரல் 24ம் தேதியை ஒட்டி, நண்பகலில் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். அப்போது, ஒரு கம்பை நிமிர்த்தி நட்டு வைத்தால், அதன் நிழல் கம்பின் அடியிலேயே ஒளிந்து கொள்ளும். இதை, 'நிழலில்லா நாள்' என்கின்றனர். கன்னியாகுமரிக்கு இது ஏப்ரல் இரண்டாவது வாரத்திலேயே வந்து விடும்.

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. சூரியன் உச்சியில் இருக்கும் போது, சுவர்களின் மீது வெயில் சாய்வாகத் தான் படும். முழு வெயிலையும் தாங்குவது, மொட்டை மாடி! குளிர் நாடுகளில் குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே நகரும். அதனால், அங்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து, வெயிலை வீட்டுக்குள் வரவேற்பர். நமக்கோ வேலை தலைகீழ்... வெயிலை வாசலிலேயே, இல்லை, கூரையிலேயே நிறுத்த வேண்டும்!

அடுப்பை அணைத்த பிறகும், தோசைக்கல் வெகுநேரம் சுடும் தானே? கான்கிரீட் கூரையும் அப்படித் தான். பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கி வைத்துக் கொள்ளும். மாலையில் இருந்து, அதை மெல்ல மெல்ல வீட்டுக்குள் இறக்கி விடும். நள்ளிரவு வரை நாம் தோசைக்கல்லின் அடியில் தான் படுத்திருக்கிறோம்!

மின்விசிறி குளிர்விக்குமா?

இல்லை. மின்விசிறி அறையைக் குளிர்விக்காது. அது காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்று உங்கள் வியர்வையை உலர வைக்கிறது. வியர்வை ஆவியாகும் போது, உடம்பின் சூட்டை எடுத்துச் செல்கிறது. அதனால் தான் நமக்கு ஜில்லென்று இருக்கிறது. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் யாருக்கும் பயனில்லை. அதன் மோட்டார் சூடாவதால், அறையின் வெப்பம் துளியூண்டு கூடத் தான் செய்யும்!

ஏ.சி., எங்கே தள்ளுகிறது?

'பேசாமல் ஏ.சி., வாங்கி விடலாமே' என்கிறீர்களா? முதலில், அதன் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகம் இருந்தது. கோடையின் ஈரக்காற்றில் காகிதங்கள் உப்பி விடும். ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாகப் பதியாது. படங்கள் எல்லாம் கலங்கி விடும். இதைச் சரி செய்ய, 1902ல், வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் உருவாக்கிய அமைப்பு தான், இன்றைய ஏ.சி.,யின் முன்னோடி. ஆக, அது முதலில் வேலை செய்தது மனிதர்களுக்காக அல்ல, காகிதத்துக்காக!

ஏ.சி., குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி, வெளியே கொட்டுகிறது. அந்த வேலைக்கு அது பயன்படுத்தும் மின்சாரமும் வெப்பமாகி, அதோடு சேர்ந்து வெளியே போகிறது. ஏ.சி.,யின் வெளிப்பெட்டிக்கு அருகில் நடந்து பாருங்கள், முகத்தில் அனல் அடிக்கும். ஒரு தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி., ஓடினால், அந்தத் தெரு என்ன ஆகும்? ஏ.சி., இல்லாத வீட்டில் இருப்பவர் நிலை என்ன ஆகும்? நம் வீடு குளிர, பக்கத்து வீடு சூடாவது நியாயமா, குட்டீஸ்?

கைக்குழந்தைகள், வயதானவர்கள், நோயாளிகள் இருக்கும் வீடுகளில் கடும் கோடையில் ஏ.சி., தேவைப்படலாம். அப்போதும், அதை 18ல் வைக்க வேண்டியதில்லை. இந்தியாவில், 2020 ஜனவரியில் இருந்து, நட்சத்திரக் குறியீடு பெற்று விற்பனைக்கு வரும் அறை ஏ.சி.,கள், 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால், ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது, மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம்.

கொள்ளுத் தாத்தா வீட்டில் என்ன செய்தனர்?

மின்சாரமே இல்லாத காலத்திலும் நம் ஊரில் வெயில் அடித்தது தானே! அப்போது எப்படிச் சமாளித்தனர்?

சென்னையின் பழைய கட்டடங்களில், 'மெட்ராஸ் டெரஸ்' என்ற கூரையைப் பார்க்கலாம். தேக்கு மர உத்தரங்களின் மேல், மெல்லிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையால் ஒட்டுவர். அதன் மேல் உடைத்த செங்கல்லும், சுண்ணாம்பும் கலந்து ஒரு தடிமனான அடுக்கு. அதற்கும் மேல் தட்டோடு பதிப்பர். இத்தனை அடுக்குகளைத் தாண்டி வெயிலின் சூடு கீழே இறங்குவது கஷ்டம்!

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போனால், செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம். வாசலில் நின்று பார்த்தால், வரிசையாக உள்ள கதவுகள் வழியே கொல்லைப்புறம் வரை தெரியும். முற்றத்தில் சூடான காற்று மேலே எழும்பிப் போக, வாசல் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். இதற்கு மின் கட்டணம் கிடையாது!

நம்மைப் போலவே வெயிலில் வாடும் பாலைவன ஊர், ஈரான் நாட்டின் யஸ்த். அங்குள்ளவர்கள், வீட்டின் மேல் புகைபோக்கி போன்ற, 'காற்றுக் கோபுரம்' கட்டினர். உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்து, அறைக்குள் இறக்கும் கோபுரம் அது. அந்த ஊரின் தவுலதாபாத் தோட்டத்தில் உள்ள கோபுரத்தின் உயரம், சுமார் 33 மீட்டர். பழைய யஸ்த் நகரை, 2017ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, யுனெஸ்கோ.

நம் பக்கத்து மாநிலமான கேரளாவில், இந்தப் பழைய அறிவைப் புது வீடுகளுக்குக் கொண்டு வந்தவர், லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917ல் பிறந்து, இந்தியராகவே மாறி, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007ல் மறைந்தவர். செங்கற்களைப் படுக்க வைக்காமல், குத்தாக நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் கட்டினார். 'எலிப்பொறிக் கட்டு' என்று இதற்குப் பெயர். சுமார் 25 சதவீத செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று, பிளாஸ்க் போல வெப்பத்தைத் தடுக்கும். பெரிய ஜன்னல்களுக்குப் பதிலாக, செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, காற்றும் வெளிச்சமும் வரும் சுவர்களை அமைத்தார். 1990ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

வெள்ளைத் தொப்பி

'எங்கள் வீட்டை ஏற்கனவே கட்டி முடித்து விட்டனரே... இனி என்ன செய்வது?' என்று கேட்பது காதில் விழுகிறது. கவலை வேண்டாம். வெயிலில் போகும் போது, கறுப்புச் சட்டை போட்டால் சுடும், வெள்ளைச் சட்டை போட்டால் அவ்வளவாகச் சுடாது. கூரைக்கும் இதே கதை தான்.

கருமை நிறக் கூரை, கொளுத்தும் கோடை வெயிலில், 65 டிகிரி செல்சியசைக் கூடத் தாண்டும். அதே வெயிலில், வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூரை, அதை விட 25 டிகிரிக்கு மேல் குறைவாக இருக்கும். வீட்டுக்குள் அவ்வளவு குறையாது. சில டிகிரி தான் குறையும். ஆனால், இரவில் தூக்கம் வருமா, வராதா என்பதை அந்தச் சில டிகிரி தானே முடிவு செய்கிறது!

குஜராத்தின் ஆமதாபாத் நகரில், 2010ல் கடுமையான வெப்ப அலை வீசி, ஏராளமானோர் உயிரிழந்தனர். அதன் பின், 2013ல், வெப்பத்தில் இருந்து மக்களைக் காக்கும் திட்டத்தை அந்த மாநகராட்சி கொண்டு வந்தது. 2017ல், எளிய மக்கள் வாழும் பகுதிகளில், சுமார் 3,000 கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் பணி நடந்தது. தெலுங்கானா மாநிலம், 2023ல் குளிர்கூரைக்கு என்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், உங்களைப் போன்ற எத்தனையோ குழந்தைகள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகின்றனர். அவர்கள் வீட்டில் ஏ.சி., வாங்க முடியாது. ஆனால், ஒரு வாளி வெள்ளைப் பூச்சு, அவர்கள் வீட்டையும் எட்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது... தூசி படிந்தால் வெள்ளை மங்கி, பலனும் குறைந்து விடும். அவ்வப்போது கழுவ வேண்டும்.

மின்சாரக் கணக்கு

வெப்பத்தைத் தடுத்தாகி விட்டது. இனி, மின்சாரத்துக்கு வருவோம். 1,000 வாட் கருவி, ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு யூனிட் செலவாகும். பழைய வகை மின்விசிறி ஒன்று, சுமார் 75 வாட் எடுக்கும். இப்போது வரும், 'பி.எல்.டி.சி.,' வகை மின்விசிறிக்கு, சுமார் 30 வாட் போதும். தினமும் 10 மணி நேரம் சுற்றினால், ஒரு மாதத்தில் எத்தனை யூனிட் மிச்சம்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். விடை, கடைசியில் இருக்கிறது.

சரி, அந்த மின்சாரத்தை நம்மைச் சுட்டெரிக்கும் சூரியனிடமே வாங்கினால்? மொட்டை மாடியில், ஒரு கிலோவாட் சோலார் தகடுகள் வைக்க, சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் போதும். நம் ஊர் வெயிலில், ஒரு நாளைக்கு, சுமார் 4 யூனிட் கிடைக்கும். அந்தத் தகடுகள், மாடிக்குக் குடையாகவும் இருக்கும்! வீடுகளில் சோலார் அமைக்க மானியம் தரும், 'பிரதமரின் சூர்ய கர்' திட்டத்தை, 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கியது.

ஆனால், சோலாரில் ஒரு சிக்கல்... நமக்குத் தூக்கம் வராமல் தவிக்கும் இரவு நேரத்தில், சூரியன் தூங்கி விடுமே! குஜராத்தில், சூரியன் கோவிலுக்குப் பேர் போன மோதேரா என்ற கிராமத்தில், பகலில் கிடைப்பதைப் பெரிய பேட்டரிகளில் சேமித்து, இரவில் பயன்படுத்துகின்றனர். பகலும் இரவும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் நாட்டின் முதல் கிராமமாக, 2022ல் அது அறிவிக்கப்பட்டது. பேட்டரி, விலை கூடிய பொருள். இரவில் வீடு எவ்வளவு குறைவாகச் சுடுகிறதோ, அவ்வளவு சின்ன பேட்டரி போதும். ஆகவே தான் சொல்கிறோம்... முதலில் வெப்பத்தைத் தடு, அடுத்து வெளியேற்று, கடைசியாக மின்சாரத்தைத் தொடு!

செய்து பாருங்கள்!

ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றின் வெளிப்புறம் கறுப்புக் காகிதமும், மற்றொன்றில் வெள்ளைக் காகிதமும் ஒட்டுங்கள். இரண்டு சிறு தட்டுகளில், ஒரே அளவுள்ள ஐஸ் கட்டிகளை வைத்து, பெட்டிகளால் மூடி, வெயிலில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். எது முதலில் கரைகிறது? அடுத்த முறை, கறுப்புப் பெட்டியின் மேல் ஈரத்துணி போட்டுப் பாருங்கள். பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது என்பதும் புரிந்து விடும்.

இன்றே செய்யலாம்!

* மேற்கு ஜன்னலுக்கு, வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ, வெட்டிவேர் தட்டியோ கட்டச் சொல்லுங்கள். உள்ளே திரை போட்டால், வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு தானே அதைத் தடுக்கிறோம்!

* வெளியே அனல் அடிக்கும் போது ஜன்னலைச் சாத்துங்கள். வெளிக்காற்று குளிர்ந்ததும், எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள்.

* அறையை விட்டுக் கிளம்பும் போது, மின்விசிறியை நிறுத்துங்கள்.

* வீட்டின் மேற்கே இடம் இருந்தால், ஒரு வேப்பங்கன்றோ, புங்கங்கன்றோ நடுங்கள். நீங்கள் வளர வளர, அதுவும் வளர்ந்து நிழல் தரும்.

* மாடிக்கு வெள்ளை அடிப்பது, பெரியவர்கள் வேலை. சுண்ணாம்பு நீற்றும் போது கொதிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து. நீங்கள் நிறம் மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். என்ன நிறம் என்று தான் தெரியுமே!

மின்விசிறிக் கணக்கின் விடை: ஒரு மாதத்தில், 13.5 யூனிட் மிச்சம். அதுவும், ஒரே ஒரு மின்விசிறியில்! உங்கள் வீட்டில் எத்தனை மின்விசிறி என்று எண்ணி, அப்பா, அம்மாவிடம் கணக்கு சொல்லுங்கள்.

என்ன குட்டீஸ்... இன்று மாலை மொட்டை மாடிக்குப் போகும் போது, தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். திருடன் எந்த வழியாக வருகிறான் என்று, கையே சொல்லி விடும்!