எந்தத் துன்பத்துக்கு இந்த மருந்து?



ஓட்டிசம் எனும் நிலையோடு வளரும் பிள்ளையைக் கொண்ட பல பெற்றோரை ஒருநாள் ஒரு கேள்வி தேடி வருகிறது. பேச்சுச் சிகிச்சைக்குப் பிள்ளையை அழைத்துச் சென்றாயிற்று. முன்பள்ளி ஆசிரியையிடம் பொறுமை காட்டும்படி மன்றாடியாயிற்று. ஆயினும் பிள்ளை தன் கையைத் தானே கடித்துக் காயப்படுத்துகிறது. சுவரில் தலையை மோதுகிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து விடியும்வரை வீட்டுக்குள் ஓடித் திரிகிறது. அப்போது வைத்தியர் மெதுவாகக் கேட்கிறார்: "ஒரு மருந்தை ஆரம்பித்துப் பார்ப்போமா?"

அந்த ஒரு வார்த்தையில் வீடு இரண்டாகிவிடுகிறது. "குளிசை கொடுத்து என் பிள்ளையை மரக்கட்டையாக்க விடமாட்டேன்" என்கிறார் தந்தை. "நான் நிம்மதியாக நித்திரை கொண்டு எத்தனை மாதம் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்கிறார் தாய். "ஒரு நேர்த்தி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் அம்மம்மா. இவர்களில் எவரை நாம் குறை கூற முடியும்? மூவரும் பேசுவது பிள்ளைமீதுள்ள அன்பினாலேயே. ஆனால் மருந்து நல்லதா, கெட்டதா என்று வாதிடும் வரையில் அந்த வீட்டுக்கு விடை கிடைப்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று. எந்தத் துன்பத்துக்கு இந்த மருந்து? அதையே இவ்வாரம் நாம் சிந்திப்போம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்வோம். ஓட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்து என்று எதுவும் இல்லை. 1943 ஆம் ஆண்டில் லியோ கனர் எனும் வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியதிலிருந்து எத்தனையோ ஆய்வுகள் நடந்துவிட்டன. ஆயினும் பேச்சுத் தாமதத்தையோ, மற்றவரோடு உறவாடுவதிலுள்ள வேறுபாட்டையோ, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பையோ மாற்றுவதற்கென உறுதியாகப் பரிந்துரைக்கத்தக்க மருந்து கண்டறியப்படவில்லை. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டலும் இத்தன்மைகளுக்காக உளநோய் மருந்துகளைக் கொடுக்கவேண்டாம் என்றே கூறுகிறது. "இந்தக் குளிசை குடித்தால் பிள்ளை கதைக்கும்" என்று எவராவது உங்களுக்கு உறுதியளித்தால், அவரிடம் அவதானமாக இருங்கள்.

அப்படியானால் வைத்தியர் ஏன் மருந்தைப் பற்றிப் பேசுகிறார்? ஓட்டிசத்தோடு கூடவே வந்து பிள்ளையை வருத்தும் சில துன்பங்களைத் தணிப்பதற்காகவே. கடும் சினமும் தன்னைத் தானே காயப்படுத்தலும், நித்திரையின்மை, அடங்காத துடிதுடிப்பு, வலிப்பு, மிகுந்த பதகளிப்பு ஆகியவை அத்தகையவை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, பயன் வேறு, பக்கவிளைவும் வேறு.

கடும் சினத்துக்கும் தன்னைக் காயப்படுத்தலுக்கும் பெரும்பாலும் பேசப்படும் மருந்து ரிஸ்பெரிடோன். அமெரிக்காவில் 5 முதல் 17 வயதுக்குட்பட்ட 101 பிள்ளைகளோடு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2002 இல் வெளியானது. எட்டு வாரங்களின் பின் இம்மருந்தைப் பெற்றவர்களுள் 69 சதவீதமானோரிடம் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. மருந்தற்ற போலிக் குளிசையைப் பெற்றவர்களுள் இது 12 சதவீதம் மட்டுமே. இது பெரிய வேறுபாடு. ஆனால் அதே எட்டு வாரங்களில் மருந்து பெற்ற பிள்ளைகளின் நிறை சராசரியாக 2.7 கிலோகிராம் கூடியது; மற்றவர்களுக்கு 0.8 கிலோகிராமே கூடியது. பயனும் விலையும் ஒரே ஆய்வில் அருகருகே நிற்பதைக் கவனியுங்கள். 2006 இல் ரிஸ்பெரிடோனையும் 2009 இல் அரிபிபிரசோலையும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அங்கீகரித்தபோது, ஓட்டிசத்தோடு வரும் எரிச்சல், சினம் ஆகியவற்றுக்கென்றே அங்கீகரித்தது, ஓட்டிசத்துக்கென்று அல்ல.

துடிதுடிப்புக்குக் கொடுக்கப்படும் மெதில்பெனிடேட்டின் கதை சற்று வேறு. 2005 இல் வெளியான ஆய்வில் 72 பிள்ளைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது உதவியது. 18 சதவீதமானோர் பக்கவிளைவுகளால் அதைக் கைவிட நேர்ந்தது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் குறைக்கும் என்று நம்பிக் கொடுக்கப்பட்ட சிட்டலோபிராமோ, 149 பிள்ளைகளோடு நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில் போலிக் குளிசையைவிட எவ்வகையிலும் மேலானதாக இருக்கவில்லை. நித்திரைக்கான மெலடோனின் பற்றி 2017 இல் வெளியான ஆய்வில் 125 பிள்ளைகள் பங்குபற்றினர்; அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் ஓட்டிசம் உள்ளவர்கள். 13 வாரங்களின் பின் மருந்து பெற்றோர் இரவில் ஏறக்குறைய 57 நிமிடம் கூடுதலாக நித்திரை கொண்டனர். மற்றவர்களுக்கு 9 நிமிடமே கூடியது. ஒரு மணித்தியால நித்திரை அந்தப் பிள்ளைக்கும் அதன் தாய்க்கும் எத்தகைய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

ஆகவே, துன்பத்துக்குப் பெயரிடாமல் மருந்தைத் தெரிவு செய்ய முடியாது. பெயரிட்ட பின்னும் இன்னொரு படி உண்டு. இத்துன்பத்தின் காரணம் என்ன என்று தேடவேண்டும்.

ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவனுக்குப் பேச்சு இல்லை. இரண்டு வாரமாகத் தன் கன்னத்தில் தானே அறைகிறான், உணவைத் தட்டிவிடுகிறான், அருகே வருபவரைக் கடிக்கிறான். வீட்டார் "ஓட்டிசம் கூடிவிட்டது" என்கிறார்கள். ஆனால் அவனுடைய கடைவாய்ப் பல் சொத்தையாகிச் சீழ் பிடித்திருக்கலாம். காதில் வலியிருக்கலாம். பல நாள் மலச்சிக்கல் இருக்கலாம். "எனக்கு நோகிறது" என்று சொல்ல வார்த்தையில்லாத பிள்ளைக்குக் கையும் பற்களுமே நாக்காகின்றன. இந்தச் சிறுவனுக்குச் சினத்தை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் வீடு அமைதியாகலாம். பல்வலி அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிய அநீதி வேறு உண்டா? எனவே நடத்தை திடீரென மாறினால், "முதலில் இவனுடைய வாயையும் காதையும் வயிற்றையும் பாருங்கள்" என்று வைத்தியரிடம் கேட்கத் தயங்காதீர்கள். பாடசாலையில் வகுப்பு மாறியதா, வீட்டில் புதிதாக இரைச்சல் ஏதும் உண்டா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் பார்த்தும் துன்பம் தணியவில்லையென்றால், மருந்தைப் பற்றி அமைதியாகப் பேசலாம். அதற்கு ஓர் அப்பியாசக் கொப்பி போதும். மருந்து தொடங்குவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதத் தொடங்குங்கள். இன்று எத்தனை முறை கையைக் கடித்தான்? எத்தனை மணிக்கு நித்திரைக்குச் சென்றான்? எத்தனை முறை விழித்தான்? மருந்து தொடங்கிய பின்னும் அதையே எழுதுங்கள். அப்போது "கொஞ்சம் பரவாயில்லைப் போல" எனும் மயக்கத்துக்கு இடமிராது. நாளுக்குப் பத்து முறை கடித்தவன் இப்போது இரண்டு முறை கடிக்கிறான் என்றால் அது பயன். பத்து பத்தாகவே இருந்தால் பயனில்லை.

வைத்தியரிடம் கேட்கவேண்டியவற்றையும் அதே கொப்பியில் எழுதிச் செல்லுங்கள். இம்மருந்து எதைக் குறைக்கவேண்டும்? எப்போது பலன் தெரியும்? பலன் இல்லாவிடில் எப்போது நிறுத்துவோம்? நைஸ் வழிகாட்டல் இதற்கும் ஓர் அளவு தருகிறது. சினத்துக்குக் கொடுக்கும் இவ்வகை மருந்தை 3 அல்லது 4 வாரங்களில் மீளாய்வு செய்யவேண்டும்; 6 வாரமாகியும் குறிப்பிடத்தக்க பலன் இல்லையெனில் நிறுத்தவேண்டும். மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவதே முறை. இரண்டு மருந்துகளை ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று அறிய முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளைப் பெறும் பிள்ளையின் நிறையைக் கிரமமாக அளக்கவேண்டும்; இரத்தத்திலுள்ள சீனியையும் கொழுப்பையும் இடையிடையே பரிசோதிக்கவேண்டும். அதிக பசி, பகல் தூக்கம், உடல் இறுக்கம், நடுக்கம், வாயிலோ நாக்கிலோ அசாதாரண அசைவு, மார்பு பெருத்தல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் உடனே வைத்தியரிடம் கூறுங்கள். பிள்ளை சிரிப்பை மறந்து, விரும்பிய விளையாட்டையும் விட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் அதை முன்னேற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். அடங்கியிருப்பதும் ஆறுதலடைந்திருப்பதும் ஒன்றல்ல.

மருந்து தொடங்கிவிட்டால் மற்றவற்றைக் கைவிடலாம் என்பதும் தவறு. 124 பிள்ளைகளோடு நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு பகுதியினருக்கு மருந்து மட்டும் கொடுக்கப்பட்டது. மறு பகுதியினருக்கு மருந்தோடு, பிள்ளையின் நடத்தையைக் கையாளும் பயிற்சி பெற்றோருக்கும் அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்ற பெற்றோரின் பிள்ளைகளே கூடுதலாக முன்னேறினர்; அவர்களுக்குத் தேவைப்பட்ட மருந்தின் அளவும் சற்றுக் குறைவாகவே இருந்தது. மருந்து ஒரு கதவைத் திறந்து பிடிக்கிறது. அதன் வழியே பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவேண்டியவர்கள் நாமே.

மருந்தை நிறுத்துவதும் அதைத் தொடங்குவதைப் போலவே முக்கியமான தீர்மானம். 2005 இல் வெளியான ஆய்வில், ரிஸ்பெரிடோனால் பயனடைந்து சில மாதங்கள் அதைத் தொடர்ந்த 32 பிள்ளைகளுள் பாதிப்பேருக்கு மருந்து படிப்படியாகப் போலிக் குளிசையாக மாற்றப்பட்டது. அந்த 16 பேரில் 10 பேருக்குப் பழைய துன்பம் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்த 16 பேரில் இருவருக்கே அவ்வாறு நேர்ந்தது. ஆயினும் மருந்து நின்ற பின்னும் ஆறு பேர் நன்றாகவே இருந்தனர் என்பதையும் காணுங்கள். ஆகவே ஆயுள் முழுவதும் மருந்துதான் என்று அஞ்சவேண்டியதில்லை. வைத்தியரின் மேற்பார்வையில் குறைத்துப் பார்க்கலாம். திடீரென நிறுத்துவது மட்டும் ஆகாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். 2022 இல் நம் நாடு கண்ட மருந்துத் தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. குளிசை முடியும் நாள்வரை காத்திராமல், முன்கூட்டியே கிளினிக் சென்று பெற்றுக்கொள்வது நலம்.

இங்கே நம்மிடையே உள்ள ஒரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். செபக் கூட்டத்திலிருந்து திரும்பிய அன்றே, "இனி மருந்து எதற்கு? கொடுத்தால் விசுவாசக் குறைவு அல்லவா?" என்று குளிசைகளை எறிந்துவிடுவோர் உண்டு. செபியுங்கள், அது உங்களைத் தாங்கும். ஆனால் செபத்துக்கும் மருந்துக்கும் இடையே பகையை உண்டாக்காதீர்கள். நற்செய்தி எழுதிய புனித லூக்காவை ஒரு வைத்தியர் என்றே திருச்சபை நினைவுகூருகிறது. பிள்ளைக்கு ஓட்டிசம் வந்தது எவருடைய பாவத்தாலும் அல்ல. அதன் துன்பத்துக்கு மருந்து கொடுப்பதும் பாவமல்ல.

வேறொரு எச்சரிக்கையும் தேவை. ஏங்கும் பெற்றோரைத் தேடி அற்புத மருந்துகள் வந்துகொண்டே இருக்கின்றன. 1998 இல் செக்ரிட்டின் எனும் ஊசியைப் பற்றி உலகெங்கும் பேரார்வம் எழுந்தது. மறு ஆண்டே வெளியான ஆய்வு அதனால் பயனில்லை என்று காட்டியது. உடலிலிருந்து உலோகங்களை அகற்றுவதாகக் கூறும் சிகிச்சையின்போது 2005 இல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பிள்ளையொன்று உயிரிழந்தது. வெளுக்கும் இரசாயனத்தைக் கூட மருந்து என்று விற்றவர்கள் உண்டு. 2025 செப்டெம்பரில் அமெரிக்க அரசு லியுகோவொரின் எனும் மருந்தைப் பற்றி அறிவித்தபின் அதைப் பற்றிக் கேட்போர் பலர். அதற்கு ஆதரவாகக் காட்டப்படும், 2018 இல் வெளியான ஆய்வொன்றில் பங்குபற்றியவர்கள் 48 பிள்ளைகளே. புதிய மருந்தின் பெயரைக் கேட்டதும் கடைக்கு ஓடாமல், எத்தனை பிள்ளைகளில் சோதிக்கப்பட்டது, எதைக் குறைத்தது, என்ன தீங்கு கண்டது என்று கேட்கப் பழகுவோம்.

நம் நாட்டில் 2009 இல் வெளியான ஆய்வொன்று, தான் பரிசோதித்த சின்னஞ்சிறு பிள்ளைகளுள் 93 பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உடையவர் என்று கண்டது. அப்படியாயின் நம் தெருவிலும், நம் பாடசாலையிலும், நம் ஆலயத்திலும் அத்தகைய ஒரு குடும்பம் இருக்கக்கூடும். மருந்து கொடுக்கும் தாயைப் பார்த்து "பிள்ளையை மயக்கி வைத்திருக்கிறாள்" என்று பேசாதிருப்போம். கொடுக்க விரும்பாத தந்தையைப் பார்த்து "கல்நெஞ்சன்" என்றும் பேசாதிருப்போம். கிளினிக் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வந்தாலே அக்குடும்பத்தின் பாரம் பாதியாகும்.

பெற்றோரே, நீங்கள் எடுக்கும் தீர்மானம் எதுவாயினும் அது பிள்ளையின் முகத்தைப் பார்த்து எடுக்கப்பட்டதாக இருக்கட்டும். அயலவரின் வாயைப் பார்த்து எடுக்கப்பட்டதாக வேண்டாம். அடுத்த முறை கிளினிக் செல்லும்போது அந்தக் கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். தாயும் தந்தையும் இருவருமாகச் செல்லுங்கள். எந்தத் துன்பத்துக்கு இந்த மருந்து என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால் அச்சமின்றித் தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கும்வரை பணிவோடு கேட்டுக்கொண்டே இருங்கள். தன் வேதனையைச் சொல்ல வார்த்தையில்லாத பிள்ளைக்காகக் கேட்பதற்கு உங்களைவிட உரிமையுள்ளவர் வேறு யார்?