லால்பஜாரில் மாண்டலின் தந்தி

கொல்கத்தாவில் மாண்டலின் தந்தி அறுந்துபோனால் தேடிப்போக வேண்டிய இடம் லால்பஜார். போலீஸ் தலைமையகத்தை ஒட்டி ரவீந்திர சரணி தொடங்குகிறது. பழைய பெயர் சித்பூர் ரோடு. தபலா, சித்தார், ஹார்மோனியம், கிடார் என்று வரிசையாக வாத்தியக் கடைகள். ஆனால் "மாண்டலின் தந்தி" என்று மட்டும் கேட்டால், எட்டுத் தந்தி கொண்ட பாக்கெட்டைத்தான் கடைக்காரர் எடுத்துப் போடுவார். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மேல்நாட்டு மாண்டலினில் நான்கு ஜோடியாக எட்டுத் தந்திகள். ஜோடித் தந்தியை விரலால் இழுத்துக் கமகம் பிடித்தால் இரண்டும் ஒரே அளவு நகர்வதில்லை, சுருதி பிசகிவிடும். பாலக்கொல்லில் 1969-ல் பிறந்த யு.ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினை எடுத்து, ஜோடிகளை விடுத்து நான்கு ஒற்றைத் தந்திகளில் வாசித்தார்; பின்னர் கீழ் ஸ்தாயிக்கு ஐந்தாவதையும் சேர்த்தார். ஒற்றைத் தந்தியில் குறையும் நாதத்தை ஆம்பிளிஃபயர் ஈடுகட்டியது. 2014-ல் அவர் மறைந்த பிறகும், கர்நாடக இசைக்கு மாண்டலின் எடுக்கும் பிள்ளைகளில் பலர் இந்த வழியில்தான் போகிறார்கள்.

கடைப் பாக்கெட்டோ வேறு சுருதிக்கு அளந்தது. அதன் மெல்லிய தந்தி மேல்நாட்டு 'இ' ஸ்வரத்துக்கானது. வயலினைப் போல ச-ப-ச-ப என்று ஒரு கட்டையில் சேர்த்து, மேல் தந்தியை ஸட்ஜமாக வைத்தால் அது 'ஸி'க்கு இறங்குகிறது. நான்கு அரைச்சுரம் இறங்கியதில் தந்தியின் இழுவிசை நூற்றுக்கு 63 பங்காகிவிடும். தொய்ந்த தந்தி மெட்டில் பட்டுக் கரகரக்கும். சற்றே அழுத்தினாலும் ஸ்வரம் ஏறிவிடும். கமகம் நிற்கவில்லை என்று பையன் திட்டு வாங்குகிறான். விரல் என்ன செய்யும், பாவம்!

தந்தியின் நம்பர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. 11-ம் நம்பருக்குப் பதில் 14 போட்டால் பழைய விறைப்பு அப்படியே திரும்பும். ஆனால் இழுக்க விரல் நோகும். 12 அல்லது 13 போட்டுப் பார்ப்பது உத்தமம். இரண்டு கட்டைக்காரருக்கு இதே கணக்கு மாறும் என்பதால், சுருதியைச் சொல்லாமல் தந்தி கேட்பதில் பயனில்லை.

எனவே பாக்கெட்டை மறந்து, கிடார் தந்திகளை ஒவ்வொன்றாக வாங்குவதே நடைமுறைக்கு உகந்தது. கிடாரில் தந்தி அதிரும் நீளம் சுமார் 25 அங்குலம், மாண்டலினில் சுமார் 14, வெட்டிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கிடார் தந்தியின் முனையில் சிறு உலோகக் குண்டு இருக்கும்; மாண்டலின்களில் பலவற்றுக்கு வெறும் வளையம்தான் வேண்டும். குண்டைக் குறடால் நசுக்கி எடுத்துவிட்டால் வளையம் மிஞ்சும். ஐந்தாவது தந்திக்கு 50-ஐ ஒட்டிய பருமன் தேவைப்படும். தலைப்பக்கத்துப் பள்ளம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொன்னிறத்தில் மினுக்கும் வெண்கலச் சுற்றுத் தந்தியைக் கண்டு மயங்க வேண்டாம். அது மின்சாரமில்லாத வாத்தியத்துக்கு அழகு. மின் மாண்டலினில் வழக்கமாக உள்ள காந்தப் பிக்கப், இரும்பின் அசைவைத்தான் உணரும். வெண்கலச் சுற்று அதன் காதில் விழாது. உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி மட்டும் பேசுவதால் மந்தர ஸ்தாயி மெலிந்துவிடும். நிக்கல் பூசிய எஃகுச் சுற்றே வேண்டும்.

பருமன் மாறினால் குதிரையின் இடமும் சற்று மாறும். குதிரை ஒட்டாமல் நிற்கும் வாத்தியமானால், எல்லாத் தந்திகளையும் ஒரே வேளையில் கழற்றக் கூடாது. பன்னிரண்டாவது மெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் நாதமும், அதே மெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ஒத்துப்போகும் வரை குதிரையை நகர்த்திக்கொள்ளலாம்.

வங்காளத்து மழைக்காலம் தந்திக்குப் பகை. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வைக்காவிட்டால் துரு ஏறிவிடும். முதலில் அறுவது பெரும்பாலும் மெல்லிய தந்திதான். லால்பஜார் போகும்போது அதில் மட்டும் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கி, நம்பரை எழுதிப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் கச்சேரியன்று அலைச்சல் மிச்சம்.