உங்களுக்குத் தெரியுமா? பார்வை கேட்டவருக்குக் கிடைத்த கோல்

இறைவனே தோழமை தந்து ஆட்கொண்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள், திருவொற்றியூரை விட்டு நீங்குவதில்லை என்று தம் மனைவி சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை மீறி இரு கண்களின் ஒளியையும் இழந்து, வழி தடுமாறித் திருவெண்பாக்கத்துச் சந்நிதியில் நின்று முறையிட்டபோது, அவருக்கு அருளப்பட்டது பார்வையன்று, ஓர் ஊன்றுகோலே என்கிறது பெரியபுராணம்.

• சத்தியம் செய்யும் வேளையில் கருவறையை விட்டு மகிழமரத்தடியில் எழுந்தருளியிருக்குமாறு சுந்தரர் முன்னதாகவே சுவாமியிடம் வேண்டியிருந்தார். சுவாமியோ அம்மரத்தடியிலேயே பிரமாணம் வாங்கும்படி சங்கிலியாருக்கு அறிவித்துவிட்டார்! தோழரின் சாமர்த்தியம் பலிக்கவில்லை. மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவையாக இந்நிகழ்ச்சி இன்றும் ஒற்றியூரில் கொண்டாடப்படுகிறது.

• இழந்த பார்வை, இடக்கண்ணில் காஞ்சியிலும் வலக்கண்ணில் திருவாரூரிலுமாக, இரு தவணைகளில் மீண்டது.

• வெண்பாக்கத்து நந்திக்கு ஒரு கொம்பு ஒடிந்திருக்கும்; சினத்தில் சுந்தரர் வீசிய கோல் பட்டதென்பது தலவரலாறு.

• திருவள்ளூரை அடுத்துக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் நிறைவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்துக்காக வெண்பாக்கத்துப் பழைய தலம் நீருக்குள் விடப்பட்டது. அத்தலத்து இறைவன் ஊன்றீசுவரர் இப்போது பூண்டியில் புதிதாக எழுப்பப்பட்ட ஆலயத்தில் எழுந்தருளியிருக்கிறார்.