சிரட்டையில் ஒரு விருந்து

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் உம்மாமாரின் பாடு பெரும்பாடுதான். பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன்னாலும் கைத்தொலைபேசியோடும் முடங்கிக் கிடப்பார்கள். அது அலுத்தால் சில பையன்கள் கெட்டப்போலைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். குருவியை வீழ்த்திவிட்டு ஒரு பிள்ளை பெருமையோடு வீடு வருகிறதென்றால், அதன் உள்ளம் மெல்ல மெல்ல இறுகி வருகிறது என்பதே பொருள். அந்தக் கைகளுக்கு வேறொரு வேலை கொடுப்பது பெற்றோரின் பொறுப்பல்லவா?

அனஸ் (ரழி) அவர்களுக்கு அபூ உமைர் என்றொரு சின்னத் தம்பி இருந்தார். அவர் வைத்து விளையாடிய சிறு குருவி இறந்துபோனது. வாடியிருந்த அந்தச் சிறுவரிடம் நபி (ஸல்) அவர்கள் குருவியைப் பற்றியே அன்பாக விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவான செய்தி இது. ஒரு குருவிக்காகக் கலங்கிய பிள்ளையின் துக்கத்தை அன்னார் அற்பமாகக் கருதவில்லை. பிள்ளையின் இரக்கம் இத்தகைய சிறு விடயங்களில்தான் வளர்கிறது.

செய்வது எப்படி?

காசு கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. தேங்காய் துருவிய சிரட்டையில் கண்கள் உள்ள பாதியை எடுங்கள். மூன்று கண்களில் ஒன்று மென்மையானது. ஓர் ஆணியால் அதைத் திறந்து, சிறிது தும்பை வைத்து அடைத்துவிடுங்கள். மழைநீர் வடிந்துவிடும், தானியம் கொட்டாது. விளிம்பில் சம இடைவெளியில் மூன்று துளைகள் இட்டு, தும்புக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். மெல்லிய நைலோன் நூல் வேண்டாம். அது குருவியின் காலில் சிக்கிக்கொள்ளும். துளையிடும் வேலை வாப்பாவுக்கோ மூத்த பிள்ளைக்கோ உரியது. சிரட்டையைத் தேய்த்து அழுத்தமாக்குவதும் கயிறு முறுக்குவதும் சின்னவர்களுக்கு.

பூனை பாய்ந்து எட்டாத உயரத்தில், மதிலுக்கும் பெரிய கிளைக்கும் சற்று விலகித் தொங்கவிடுவது அவசியம். காகம் எல்லாவற்றையும் தின்றுவிடுமே என்கிறீர்களா? ஆடுகின்ற சிறு சிரட்டையில் காகத்தால் இலகுவில் நிற்க முடியாது. அதற்கும் ஒரு பிடி சோற்றைத் தனியே வைத்தால் போயிற்று.

எதைக் கொடுக்கலாம்?

நெல், குறுணல் அரிசி, தினை, குரக்கன் என்பவற்றைச் சிட்டுக்குருவியும் புறாவும் விரும்பும். கனிந்த வாழைப்பழம், பப்பாளித் துண்டு வைத்தால் மைனாவும் கொண்டைக்குருவியும் வரும். உப்பிட்ட உணவு, மிக்சர், முறுக்கு, புளித்த சோறு, பூஞ்சணம் பிடித்த பாண் ஆகியவற்றை வைக்கவே கூடாது. அவை பறவைக்கு உதவியல்ல, உபத்திரவம். ஒரு நாளில் தின்று முடிக்கும் அளவே போதும்.

அருகில் ஓர் அகன்ற மண்சட்டியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள். சிறு பறவைகள் அதில் நின்று குடிக்கும், குளிக்கும். ஆனால் இந்தத் தண்ணீரைத் தினமும் ஊற்றிவிட்டு, சட்டியின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நுளம்பு தண்ணீரை ஒட்டிய பாத்திர ஓரத்தில்தான் முட்டையிடுகிறது. நீரை ஊற்றினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானதை மறந்துவிடலாகாது. சிரட்டையையும் வாரம் ஒருமுறை சுடுநீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். எச்சம் படிந்த பாத்திரத்தால் ஒரு பறவையின் நோய் மற்றவற்றுக்கும் தொற்றும். வேலை முடிந்ததும் பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கைகழுவட்டும்.

உண்மையான பாடம் எது?

சிரட்டை செய்ய ஒரு மணி நேரம் போதும். அதை நாள்தோறும் பராமரிப்பதில்தான் பாடம் இருக்கிறது. முதல் வாரம் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். இரண்டாம் வாரம் மறந்துவிடுவார்கள். அப்போது ஏசவும் வேண்டாம், நீங்களே தானியத்தை நிரப்பிவிடவும் வேண்டாம். வெறும் சிரட்டையில் வந்து அமர்ந்து திரும்பும் குருவியைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அது போதும். குருவி பட்டினி கிடக்காது, வேறிடம் தேடிக்கொள்ளும். ஆனால் தன்னை நம்பி வந்த ஓர் உயிர் வெறுமனே திரும்பியதை அந்தப் பிள்ளை மறக்காது. தண்ணீர்ச் சட்டி மட்டும் விதிவிலக்கு. கழுவ ஆளில்லாத நாட்களில் அதைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள். எல்லாப் பறவையும் நமது சிரட்டைக்கு வராது. தேன்சிட்டுக்குப் பூ வேண்டும். தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளையே ஊட்டும். ஆகவே முற்றத்தில் ஒரு செவ்வரத்தையோ கொய்யாவோ நட்டு, பூச்சி மருந்து அடிப்பதைத் தவிர்த்தால் அதுவும் விருந்துதான். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ மிருகமோ பறவையோ உண்டால், அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிமொழியின் கருத்தல்லவா?

கூண்டில் அடைத்த கிளி நம்மை விட்டுப் போக முடியாமல் இருக்கிறது. சிரட்டைக்கு வரும் குருவியோ நம்மை நம்பி, தானாக வருகிறது. அந்த நம்பிக்கைக்குத் தகுதியானவராக நமது பிள்ளை வளரட்டும். இன்று தேங்காய் துருவியதும் சிரட்டையை அடுப்புக்குப் போடாமல் எடுத்து வையுங்கள், சகோதரிகளே!