கூழாங்கல் கரையில் 5,000 வருஷக் கல்லறை... அலையோடு போட்டி போட்ட ஆய்வாளர்கள்!

ஸ்காட்லாந்தின் வட முனையைத் தாண்டி, கடலுக்குள் சிதறிக் கிடக்கின்றன ஆர்க்னி தீவுகள். அவற்றில் ஒன்று ரௌஸி. சில நூறு பேர் மட்டுமே வசிக்கும் குட்டித் தீவு. ஆனால், இதற்கு ‘வடக்கின் எகிப்து’ என்றொரு செல்லப்பெயர் உண்டு. தோண்டுகிற இடமெல்லாம் பழைய காலம் எழுந்து வருவதால் வந்த பெயர்!

இந்தத் தீவின் கரையோரம் ஸ்வாண்ட்ரோ என்று ஓர் இடம். மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் கூழாங்கல் கரைதான். 2010-ல், அந்தக் கற்களுக்கு நடுவே சில பெரிய கற்கள் மட்டும் வரிசை பிடித்து நிற்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அலை கொண்டுவந்து போட்ட கற்கள் அப்படி நிற்காதே! தோண்டினால், வட்டமாகச் சுற்றி வரும் சுவர்கள். புதிய கற்கால மனிதர்கள் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் தங்கள் இறந்தவர்களுக்காகக் கட்டிய அறைக் கல்லறை அது. கடல் ஏற்கெனவே அதில் ஒரு பகுதியைத் தின்று முடித்திருந்தது.

(நம்மூரில் பெருங்கற்காலச் சின்னம் என்றால் பெரும்பாலும் இரும்புக் காலம். ஐரோப்பாவில் உலோகமே தெரியாத காலத்தில் பெருங்கற்களை அடுக்கிவிட்டார்கள்.)

ஆர்க்னியில் மரம் அபூர்வம். ஆனால் பலகை பலகையாகப் பிளக்கும் கல் தாராளம். சாந்து பூசாமல் அடுக்கினாலே சுவர் நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் மிட்ஹௌ கல்லறை அதற்குச் சாட்சி. 1932-33-ல் தோண்டப்பட்ட அதன் உள்ளறை 23 மீட்டர் நீளம். ரயில் பெட்டியில் தடுப்பு வைத்ததுபோல 12 பகுதிகள். 25 பேரின் எலும்புகள் கிடைத்தன. இப்போது அதன் மேல் பெரிய கொட்டகையே போட்டுப் பாதுகாக்கிறார்கள். ஸ்வாண்ட்ரோவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கல்லறையோடு கதை முடியவில்லை. அதை ஒட்டியே இரும்புக் கால மக்கள் வீடு கட்டியிருக்கிறார்கள். பிறகு பிக்ட் இனத்தவர், அதற்கும் பிறகு வைக்கிங்குகள்... அடுக்கு அடுக்காக ஊர்.

அதில் ஒரு பட்டறைதான் எல்லோரையும் அசத்தியது. செம்பு வேலை செய்த ஒரு பிக்ட் கொல்லரின் பட்டறை. ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. பாதி தரைக்குள் இறங்கிய கட்டடம். படியிறங்கி, வளைந்த நடைவழி வழியே உள்ளே போக வேண்டும். ஏன் இந்த இருட்டு? காய்ச்சிய உலோகத்தின் நிறத்தை வைத்துத்தான் சூட்டைக் கணிக்க முடியும். வெளிச்சம் அதிகமானால் நிறம் ஏமாற்றிவிடும்.

அங்கே இருந்த பட்டறைக்கல்லை பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்தபோது, கரித்தடங்கள் தெரிந்தன. கொல்லர் மண்டியிட்டு வேலை பார்த்தபோது பதிந்த கை, முழங்கால் தடங்கள்! இன்னும் சில குளிர்காலம் விட்டிருந்தால், அதுவும் அலையோடு போயிருக்கும்.

‘சுவர் கட்டித் தடுக்கலாமே?’ என்று தோன்றும். அதே ஆர்க்னியில், ஸ்காரா பிரே என்ற கற்காலக் கிராமத்தை 1924 புயல் சேதப்படுத்திய பிறகு, கடல்சுவர் கட்டினார்கள். கிராமம் தப்பியது, ஆனால் சுவர் முடியும் இரு முனைகளையும் தாண்டி கடல் அரிக்கிறது. எல்லாக் கரைக்கும் சுவர் கட்டப் பணமும் கிடையாது.

எனவே, ஸ்வாண்ட்ரோவில் எடுத்த முடிவு வேறு: கடல் எடுப்பதற்குள் நாமே தோண்டிப் பதிவு செய்துவிடுவோம். இது சங்கடமான முடிவுதான். தோண்டுவதும் ஒருவகை அழிப்பே; ஒருமுறை கலைத்த மண்ணடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது. அதனால்தான் வழக்கமாக, ஆபத்தில்லாத இடத்தைத் தொடாமல் அடுத்த தலைமுறைக்கு விட்டுவைப்பார்கள். இங்கே விட்டுவைத்தால், அடுத்த தலைமுறைக்கு வெறும் கூழாங்கல்தான் மிஞ்சும்!

வேலை நடந்தது கோடையின் சில வாரங்கள் மட்டுமே. பல்கலைக்கழக மாணவர்களோடு தன்னார்வலர்களும் வந்து மண்டியிட்டுச் சுரண்டினார்கள். ஒவ்வொரு சுவரும் படமானது, அளக்கப்பட்டது, மண் சல்லடையில் சலிக்கப்பட்டது. கோடை முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. பிறகு மாதக்கணக்கில் அங்கே அட்லாண்டிக் புயல்களின் ராஜ்ஜியம்.