அடிபட்டவர் பக்கம் நிற்க ஒரு பட்டப்படிப்பு!

குற்றவாளியைப் பற்றி அல்ல. அவனிடம் சிக்கியவரைப் பற்றி 4 வருடம் படிக்கிறார்கள்

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் என்று ஓர் ஊர். ஹூஸ்டன் நகரில் இருந்து வடக்கே சுமார் 110 கிலோ மீட்டர். சின்ன ஊர்தான். ஆனால் பெயர் பெரியது. காரணம், ஊர் நடுவே செங்கல் சுவருடன் நிற்கும் ஜெயில். முதல் கைதி உள்ளே போனது 1849-ல். மரண தண்டனையை நிறைவேற்றுவது இங்கேதான். 1982-ல் விஷ ஊசி முறை வந்த பிறகு மட்டும் 580 பேருக்கு மேல் இங்கே உயிரை விட்டு இருக்கிறார்கள்.

ஜெயிலில் இருந்து நடந்தே போகும் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் சாம் ஹூஸ்டன் ஸ்டேட். 1879-ல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. போலீஸ் வேலைக்கும், ஜெயில் வேலைக்கும் ஆள் தயாரிப்பதில் பேர் போனது.

அங்கேதான் இந்தப் புதுமையான பட்டம். "விக்டிம் ஸ்டடீஸ்" என்கிறார்கள். தமிழில் சொன்னால், பாதிக்கப்பட்டோர் பற்றிய படிப்பு. பி.எஸ். பட்டம். 4 ஆண்டுகள்.

திருடனைப் பிடிக்கப் படிப்பு உண்டு. வாதாட வக்கீல் படிப்பு உண்டு. பறிகொடுத்தவனுக்குப் பக்கத்தில் உட்காரக் கூடவா ஒரு படிப்பு?

சாட்சி மட்டும்தான்

உண்டு. காரணமும் உண்டு.

கத்திக்குத்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போகிறார். அது அவருடைய வழக்கு என்று அவர் நினைக்கிறார். இல்லை! வழக்கு அரசாங்கத்துக்கும் குற்றவாளிக்கும் நடுவே. குத்து வாங்கியவர் வெறும் சாட்சி. கூப்பிட்டால் வர வேண்டும். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். "எப்ப தீர்ப்பு? அவன் ஜாமீன்ல வந்துட்டானா?" என்று அவர் கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

பல காலம் பல நாடுகளில் இதுதான் நிலைமை. பாதிக்கப்பட்டவருக்கு அரசாங்கமே பணம் கொடுக்கும் சட்டத்தை முதலில் கொண்டு வந்தது நியூசிலாந்து, 1963-ல். அடுத்த வருடம் பிரிட்டன். 1965-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா. டெக்சாசில் 1979-ல் வந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1985-ல் ஒரு பிரகடனமே வெளியிட்டது.

யார் மீது பழி?

இந்தத் துறையின் பிள்ளைப் பருவம் அவ்வளவு அழகானது அல்ல. மாணவர்களுக்கு அதையும் மறைக்காமல் சொல்லித் தருகிறார்கள்.

துறையை ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவர் மெண்டல்சோன் என்ற வக்கீல். பாதிக்கப்பட்டவர் மீது எவ்வளவு தப்பு என்று அவர் ஒரு படிக்கட்டே போட்டார். "ஒரு தப்பும் செய்யாதவர்" ஒரு முனை. "முழுத் தப்பும் இவருடையதே" மறு முனை.

1958-ல் உல்ப்காங் என்ற பேராசிரியர் பிலடெல்பியா நகரத்தின் 588 கொலைகளை எடுத்து ஆராய்ந்தார். 100-க்கு 26 வழக்கில் செத்தவரே முதலில் கை ஓங்கியவர் என்று எழுதினார். அது சண்டைக் கதை. கேட்டுக் கொண்டார்கள்.

1971-ல் அவருடைய மாணவர் அமீர், அதே கணக்கைப் பலாத்கார வழக்குகளுக்கும் போட்டார். 100-க்கு 19 வழக்கில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்றார். எழுந்தது புயல்! பெண்கள் அமைப்புகள் கொதித்து எழுந்தன. "குடித்திருந்தாள், சிரித்துப் பேசினாள் என்பதெல்லாம் ஒரு குற்றமா?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் துறை திசை திரும்பியது. இன்று அந்தப் புத்தகத்தை வகுப்பில் எடுப்பது, ஆராய்ச்சி எப்படித் தடம் புரளும் என்று காட்டுவதற்காக. "ஏம்மா அந்த நேரத்துல அங்க போனே?" என்ற கேள்வி டீக்கடையில் மட்டும் பிறக்கவில்லை. பல்கலைக்கழகத்திலும் பிறந்திருக்கிறது.

கதவைத் தட்டும்போது

குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான கொடுமை, சட்டம், மனநிலை என்று பாடங்கள் பல. நேரில் வேலை பார்க்கும் பயிற்சியும் உண்டு.

இந்த வேலைக்கு வருபவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய மிகக் கடினமான பாடம் ஒன்று. சாவுச் செய்தி சொல்வது.

விதிகள் இவை. போனில் சொல்லக் கூடாது. நேரில் போக வேண்டும். ஒருவராகப் போகக் கூடாது, இரண்டு பேர். வாசலிலேயே வைத்துச் சொல்லாமல், உள்ளே போய் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது. "உங்க பையனுக்குக் கொஞ்சம் சீரியஸ்" என்று இழுக்கக் கூடாது. "இறந்துவிட்டார்" என்றே சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல வேண்டும். "பாடி" என்று சொல்லவே கூடாது. "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றும் சொல்லக் கூடாது. ஏனென்றால் புரியாது!

சொல்லி முடித்ததும் ஓடி வந்துவிடவும் கூடாது. யாராவது சொந்தக்காரர் வரும் வரை அங்கேயே இருக்க வேண்டும்.

தரையைக் கழுவுவது யார்?

இன்னொரு கேள்வி. கொலை நடந்தது வீட்டில். போலீஸ் வந்து போட்டோ எடுத்துப் போய்விட்டது. தரையில் இருக்கும் ரத்தத்தைக் கழுவுவது யார்?

போலீஸ் கழுவாது. செத்தவர் வீட்டாரே கழுவ வேண்டும்!

டெக்சாஸ் நஷ்ட ஈட்டுத் திட்டத்தில் அதற்கும் செலவு தருகிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, ஈமச் செலவு, வேலைக்குப் போகாத நாள் சம்பளம் எல்லாம் கேட்கலாம். போலீசில் புகார் செய்திருக்க வேண்டும். பொதுவாக 3 வருடத்துக்குள் மனு போட வேண்டும். அழுதுகொண்டு இருப்பவருக்கு இது எங்கே தெரியும்? பாரத்தை எடுத்துக் கொடுத்து, பூர்த்தி செய்ய உதவுவது இந்தப் படிப்புப் படித்தவர் வேலை.

பணம் எங்கிருந்து? தண்டனை பெற்றவர்கள் கோர்ட்டில் கட்டும் தொகையில் இருந்து.

அடிக்காத போன்

1993-ல் கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் ஓர் இளம்பெண். தன்னைப் பலாத்காரம் செய்த பழைய காதலனை ஜெயிலுக்கு அனுப்பி இருந்தாள். உள்ளே இருக்கிறான் என்ற தைரியத்தில் வேலைக்குப் போய் வந்துகொண்டு இருந்தாள். அவன் வெளியே வந்துவிட்டான். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளது 21-வது பிறந்த நாளன்று சுட்டுக் கொன்றான்.

ஒரு போன் வந்திருந்தால்?

அடுத்த வருடமே அந்த நகரத்தில், கைதி வெளியே வந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தானாகப் போன் போகும் ஏற்பாடு வந்தது. பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது.

2 அறைகள்

ஹன்ட்ஸ்வில் ஜெயிலில் தண்டனை நிறைவேறுவதைப் பார்க்க, கொலை செய்யப்பட்டவரின் குடும்பத்துக்கு 1996 முதல் அனுமதி உண்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் 2 அறைகள். ஒன்றில் கொல்லப்பட்டவரின் சொந்தங்கள். மற்றதில் சாகப் போகிறவனின் சொந்தங்கள். இரண்டு அறையிலும் தாய் இருக்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது.

அந்தக் குடும்பத்தை முன்கூட்டியே தயார்படுத்தவும், முடிந்ததும் கூட இருக்கவும் தனி ஊழியர்கள் உண்டு. பார்த்த பிறகு மனம் ஆறியவர்களும் உண்டு, ஆறாதவர்களும் உண்டு. ஆறிவிடும் என்று அவர்களிடம் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

இந்த வேலையில் சம்பளம் கொட்டிக் கொடுப்பதில்லை. தினமும் பிறர் கதை கேட்டுக் கேட்டுத் தங்கள் தூக்கம் கெடுபவர்கள் உண்டு. அதைச் சமாளிப்பதும் படிப்பில் ஒரு பகுதி.

சென்னையில்...

இந்தத் துறைக்குச் சென்னை புதிது அல்ல. இந்தியாவில் இதற்கான சங்கம் 1992-ல் தொடங்கப்பட்டதே சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான்.

சட்டமும் வந்துவிட்டது. 2008-ல் திருத்தம் செய்யப்பட்டு, 2009 டிசம்பர் 31 முதல் நஷ்ட ஈட்டுப் பிரிவு அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டுத் திட்டம் 2013-ல் வந்தது. இப்போது 2024 ஜூலை 1-ல் அமலான புதிய சட்டத்திலும் அது 396-வது பிரிவாக இருக்கிறது.

மனுவை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கொடுக்க வேண்டும். குற்றவாளி யார் என்றே தெரியவில்லை, ஆளைப் பிடிக்கவே இல்லை, வழக்கே நடக்கவில்லை என்றாலும் மனு கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் இறந்திருந்தால் அவரை நம்பி இருந்தவர்கள் கொடுக்கலாம். அவசர சிகிச்சை தேவை என்றால், போலீஸ் நிலைய அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ சான்று கொடுத்தால் இலவச சிகிச்சைக்கும் உத்தரவு போட அந்த ஆணைக்குழுவுக்கு அதிகாரம் உண்டு.