உரிமக் கட்டணமும் நீதியும்

கணினியைப் புதுப்பிக்கும் வணிகர் மென்பொருளுக்கு மறுபடியும் விலை கொடுக்கக் கடமைப்பட்டவரா? இக்கேள்வியை நாம் அற்பமானதென்று தள்ளிவிடலாகாது.

மென்பொருளை வாங்குகிறவர் அதைப் பயன்படுத்தும் உரிமையையே பெறுகிறார். புதுக் கணினியோடு சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமம் பொதுவாக அவ்வியந்திரத்துக்கே உரியது. இயந்திரம் ஒழிந்தால் உரிமமும் ஒழியும். சில்லறையில் தனியே வாங்கிய உரிமத்தையோ வேறொரு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே, நம்மிடமிருப்பது எவ்வகை உரிமம் என்றறிவதே முதற்கடமை.

எனினும், விற்பவர் கேட்பதெல்லாம் நீதியாகிவிடாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு மாறக் கட்டணமில்லை; ஆனால் தகுதி பெறாத பழைய இயந்திரங்களுக்கு அவ்வழி அடைபட்டுள்ளது. அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வேண்டும் நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் விதித்த கட்டணம், இயந்திரம் ஒன்றுக்கு முதலாண்டில் 61 டாலர், பின்னர் ஆண்டுதோறும் இருமடங்கு, மூன்றாண்டுகளே எல்லை. திருத்துவோரின் உழைப்புக்குக் கூலி நியாயமே. ஆனால் இங்ஙனம் இரட்டிக்கும் விலை கூலியன்று. பழையதை விட்டகலச் செய்யும் தாற்றுக்கோல் என்றே நாம் கருதுகிறோம்.

அப்படியாயின் திருட்டுப் பிரதி நியாயமாகுமா? ஆகாது. அறிந்தே அதைப் பயன்படுத்துவதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு குற்றமாக்குகிறது. சட்டம் ஒருபுறமிருக்க, கட்டணம் செலுத்தும் அயல் வணிகருக்கும் அதனால் அநீதி நேரிடுகிறது. மிகுவிலை கேட்பவரிடம் வாங்காதிருக்க நமக்கு உரிமையுண்டு; அவருடையதை எடுத்துக்கொள்ள உரிமையில்லை. லினக்ஸ் போன்ற கட்டணமற்ற மென்பொருள்கள் பழைய கணினிகள் பலவற்றிலும் இயங்குகின்றன. அவற்றைக் கற்றுக்கொள்ளும் சிரமமே நேர்மையான மறுப்புக்கு நாம் கொடுக்கும் விலை.